உசத்தி சுருட்டு... உள்ளே இழுக்காத புகை... வாய்க்கு என்ன ஆகிறது?

ராஜபாளையம் பக்கத்தில் இருக்கும் சோழபுரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். துபாயில் வேலை பார்க்கும் பேரன் லீவுக்கு வந்திருக்கிறான். அம்மாவுக்குப் புடவை, தங்கைக்கு சென்ட், தாத்தாவுக்கு... வழவழவென்று ஒரு மரப்பெட்டி! திறந்தால் உள்ளே வரிசையாக அடுக்கி வைத்த கியூபா சுருட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இடுப்பில் தங்கக் கலரில் ஒரு காகித மோதிரம்.

தாத்தாவின் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்ப். மருமகளுக்குத்தான் கவலை.

''மாமா, இதெல்லாம் உடம்புக்கு ஆகாதே...''

''அட, போம்மா! இது என்ன பெட்டிக்கடை பீடியா? கையால சுத்தினது. புகையை நான் உள்ளேயா இழுக்கிறேன்? வாயில வெச்சு ருசி பார்த்துட்டு வெளியே விட்டுடறேன். இதுல என்ன கெடுதல்?''

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிச் சொல்லியிருக்கலாம். மாமனார் இல்லையென்றால் சித்தப்பா, அவரும் இல்லையென்றால் ஃபாரின் சுருட்டை ஒரு ஸ்டைலுக்காகப் பிடிக்க ஆரம்பித்திருக்கும் உங்கள் கணவர்! 'உசத்தி சரக்கு, உள்ளே இழுப்பதில்லை, அதனால் பயமில்லை' என்ற இந்த மூன்று வரிக் கணக்கு சரிதானா? அதைத் தெரிந்துகொள்ள, சுருட்டை எப்படிச் செய்கிறார்கள், எப்படி ருசி பார்க்கிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

நம்ம ஊர் கொடுத்த பெயர்!

சுருட்டு நமக்கு ஒன்றும் புதிதில்லை. இரண்டு முனையும் வெட்டிய சுருட்டை ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அந்த வார்த்தையே நம்முடைய 'சுருட்டு'தான்! திருச்சி உறையூரில் சுற்றிய சுருட்டுகள் வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறி லண்டன் வரைக்கும் போயின. அவற்றுக்கு வேண்டிய இலை திண்டுக்கல் பக்கத்து மண்ணில் விளைந்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாக வந்த கதையில் (1887), தரையில் கிடந்த சாம்பல் கருமையாக, செதில் செதிலாக இருப்பதைப் பார்த்துவிட்டு, 'கொலைகாரன் பிடித்தது திருச்சிராப்பள்ளி சுருட்டு' என்று ஹோம்ஸ் கண்டுபிடிப்பார். அந்த அளவுக்குப் பெயர் பெற்ற சரக்கு!

நம் தென்பக்கத்துக் கோயில்களில் சுடலைமாடனுக்கும் கருப்பசாமிக்கும் முனீஸ்வரனுக்கும் படையலில் சுருட்டு வைப்பதுண்டு. அதனாலேயே, 'சாமியே ஏற்றுக்கொள்கிற பொருள், தப்பாக இருக்குமா?' என்று ஒரு மரியாதையும் அதற்கு வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆனால் புகையிலை இந்த மண்ணின் செடி இல்லை. அமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்து சுமார் 400 வருஷங்கள்தான் ஆகின்றன. பழக்கம் பழசு என்பதால் பொருள் நல்லதாகிவிடாது.

எப்படிச் செய்கிறார்கள்?

பீடி, சிகரெட்டுக்கும் சுருட்டுக்கும் அடிப்படையிலேயே ஒரு வித்தியாசம் உண்டு. சிகரெட்டில் தூளாக வெட்டிய புகையிலையைக் காகிதத்தில் அடைக்கிறார்கள். நல்ல சுருட்டில் உள்ளே இருப்பதும் புகையிலை, வெளியே சுற்றியிருப்பதும் புகையிலை.

அதில் மூன்று அடுக்கு. நடுவில் நீள நீளமான இலைகள். புகையும் காரமும் பெரும்பாலும் இங்கிருந்துதான். அதைக் கலையாமல் பிடித்துக்கொள்ள ஒரு கட்டு இலை. எல்லாவற்றுக்கும் மேலே, மெல்லிசாக, கிழிசல் இல்லாத ஒரு போர்வை இலை. பார்வைக்கு அழகு கொடுப்பது இதுதான்; விலையும் இதற்குத்தான் ஜாஸ்தி. செடியின் அடிப்பக்கத்து இலை சுலபமாக எரியும், காரம் குறைவு. உச்சி இலையில் வெயில் நன்றாகப் படுவதால் காரம் அதிகம். இந்த இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதில்தான் சுற்றுபவரின் கைவண்ணம் இருக்கிறது.

அறுத்த இலையை அப்படியே சுற்றிவிட முடியாது. முதலில் நிழலில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். பிறகு குவியல் குவியலாக அடுக்கி, லேசான ஈரத்தோடு புழுங்க விடுவார்கள். குவியல் தானாகவே சூடேறும். மேல் இலையைக் கீழே, கீழ் இலையை மேலே என்று மாற்றி அடுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். தோசை மாவு புளிப்பதுபோல இதுவும் ஒரு புளிப்புதான். இதில் இலையின் பச்சை வாடையும் காட்டமும் அடங்கி, மணம் வரும். மாதக்கணக்கில் நடக்கும் வேலை. உசத்தி சரக்கு என்றால் வருஷக்கணக்கிலும் வைத்திருப்பார்கள்.

இந்தப் புழுங்கலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மறுபடி வரும்.

ருசி பார்ப்பது ஒரு கலையாம்!

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை நீங்கள் எப்படி எடை போடுவீர்கள்? முதலில் நிறம். பிறகு விரலில் எடுத்தால் நெய் கசிகிறதா, வாயில் மணல் மணலாகக் கரைகிறதா, சர்க்கரை தூக்கலா, பால் மணம் இருக்கிறதா... இப்படித்தானே? சுருட்டுக்கும் ஏறக்குறைய இதே வரிசைதான். வெளிநாடுகளில் இதற்கென்று தனிப் பத்திரிகைகளே இருக்கின்றன. நூறுக்கு இத்தனை என்று மார்க்கும் போடுகிறார்கள்!

முதலில் கண். போர்வை இலை ஒரே நிறமாக, பெரிய நரம்புகள் துருத்தாமல், லேசான எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கவேண்டும்.

அடுத்து விரல். மேலிருந்து கீழ்வரை மெதுவாக அமுக்கிப் பார்ப்பார்கள். எங்கும் கட்டி இருக்கக்கூடாது, எங்கும் பொக்கென்று உள்ளே போகக்கூடாது. நொறுங்கினால் காய்ந்த சரக்கு. சொதசொதவென்றால் ஈரம் அதிகம். காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 சதவிகிதம் இருக்கும்படி பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவது இதற்காகத்தான்.

மூன்றாவது மூக்கு. பற்றவைக்காமலேயே முகர்வார்கள். முனையை வெட்டிவிட்டு, நெருப்பில்லாமல் வெறுமனே ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார்கள். காற்று தாராளமாக வருகிறதா என்று தெரியும்.

பிறகுதான் நெருப்பு. ஜ்வாலையில் நேராகக் காட்டாமல், சற்றுத் தள்ளிப் பிடித்து, சுழற்றிச் சுழற்றிப் பற்றவைப்பார்கள். நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு. புகையை வாயில் வைத்து, நாக்கு, கன்னம், அண்ணம் எல்லாவற்றிலும் உருட்டுவார்கள். கொஞ்சம் புகையை மூக்கு வழியாக விடுவதும் உண்டு, வாசனையைப் பிரித்துப் பார்க்க. மிளகு, காபிக் கொட்டை, கோகோ, மரம், புதுத் தோல், ஈர மண் என்று ருசியை விதவிதமாகச் சொல்வார்கள். முதல் மூன்றில் ஒரு பங்கு சாதுவாக இருக்கும். நடுப்பகுதி நிறைவாக இருக்கும். கடைசிப் பகுதியில் காரமும் கசப்பும் ஏறும். சாம்பல் உதிராமல் ஒரு அங்குலம் நின்றால், 'ஆஹா, நல்ல சுற்று!'

ஒரு பெரிய சுருட்டை இப்படி ரசித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும்.

சரி. கண் மார்க் போட்டாயிற்று. விரல், மூக்கு, நாக்கு எல்லாம் போட்டாயிற்று. அந்த ஒரு மணி நேரமும் புகையில் ஊறிக்கொண்டிருந்த வாயின் உள்தோல் என்ன மார்க் போடும்? அதை யாரும் கேட்பதில்லை!

''உள்ளே இழுக்கலையே!''

தாத்தா சொன்னதில் பாதி உண்மை. சுருட்டுப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. ஆனால் ஏன் இழுப்பதில்லை? இழுக்கத் தேவையே இல்லை, அதுதான் காரணம்.

வெற்றிலை போடுபவர்களைப் பாருங்கள். புகையிலையோடு சுண்ணாம்பு சேர்த்தால்தான் 'பிடிக்கும்' என்பார்கள். காரத்தன்மை கூடினால் நிகோடின் வாயின் மெல்லிய தோல் வழியாகவே சட்டென்று ரத்தத்தில் கலந்துவிடும். சுண்ணாம்பு செய்கிற வேலை அதுதான். புழுங்க வைத்த புகையிலையிலிருந்து வரும் சுருட்டுப் புகைக்கு இந்தக் காரத்தன்மை இயற்கையாகவே இருக்கிறது. சிகரெட் புகை அமிலத்தன்மை கொண்டது. அதன் நிகோடின் சரியாகச் சேரவேண்டுமானால் நுரையீரல் வரை போகவேண்டும். சுருட்டுக்கு வாயே போதும்!

அதாவது, 'வாயிலேயே வைத்து ருசிக்கிறேன்' என்பது பாதுகாப்பு இல்லை. சுருட்டு உடம்புக்குள் போகிற வாசலே அதுதான்.

இனி அளவைப் பாருங்கள். ஒரு சிகரெட்டில் இருக்கும் புகையிலை ஒரு கிராமுக்கும் குறைவு. பெரிய சுருட்டு ஒன்றில் 5 முதல் 20 கிராம் வரை இருக்கலாம். ஒரு பாக்கெட் சிகரெட்டில் உள்ள புகையிலை முழுவதும் ஒரே சுருட்டில் அடங்கிவிடும்! 'நாளைக்கு ஒண்ணே ஒண்ணுதான்' என்பவர் கணக்கில் இந்த ஒன்று எத்தனை என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

அடுத்தது அந்தப் புழுங்கல். இலையை உலர்த்திப் புழுங்க வைக்கும்போது மணம் மட்டும் வருவதில்லை. நைட்ரோசமைன் என்ற ரசாயனங்களும் உண்டாகின்றன. இவற்றில் சில, கேன்சரை உண்டாக்குபவை என்று உறுதியாகத் தெரிந்தவை. யாரும் வெளியிலிருந்து கலப்பதில்லை, இலையிலேயே விளைபவை. அதனால் 'கெமிக்கல் சேர்க்காத சுத்தமான சரக்கு' என்று விளம்பரம் சொன்னால் மயங்காதீர்கள். சுத்தமான புகையிலையிலும் விஷம் விஷம்தான்.

போர்வை இலையின் அழகும் இலவசமாக வருவதில்லை. சிகரெட் காகிதத்தில் இருப்பதுபோல அதில் காற்று புகும் நுண்துளைகள் அதிகம் கிடையாது. அதனால் புகையிலை அரைகுறையாக எரிகிறது. தார், கார்பன் மோனாக்ஸைடு எல்லாம் கூடுதலாக வெளிவருகின்றன. கூடத்தில் உட்கார்ந்து தாத்தா ஒரு மணி நேரம் ரசித்தால், அடுத்த அறையில் ஹோம்வொர்க் எழுதும் பேத்திக்கும் அந்தப் புகையில் பங்கு உண்டு. அவளுக்கு ருசியும் இல்லை, மார்க்கும் இல்லை, மூச்சிரைப்புதான் மிச்சம்.

வாயோடு நிற்குமா?

நிற்காது. புகை கரைந்த எச்சிலை நாம் விழுங்கிக்கொண்டேதானே இருக்கிறோம்? தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் என்று அது போகிற வழியெல்லாம் ஆபத்துதான். வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகிய நான்கு இடங்களிலும் சுருட்டு கேன்சரை உண்டாக்கும் என்று அமெரிக்க தேசிய புற்றுநோய்க் கழகம் 1998-ல் வெளியிட்ட பெரிய ஆய்வறிக்கையிலேயே சொல்லிவிட்டது. ஈறு இறங்குவது, பல் ஆட்டம் காண்பது தனி. சுருட்டோடு மதுவும் சேர்ந்துகொண்டால் இரண்டு ஆபத்தும் வெறுமனே கூட்டல் ஆவதில்லை, பெருக்கிக்கொள்கின்றன.

ஆந்திராவின் விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் பக்கத்தில் ஒரு பழக்கம். சுருட்டை அங்கே 'சுட்டா' என்கிறார்கள். நெருப்பு எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் பிடிப்பார்கள், அதிலும் பெண்கள்தான் அதிகம்! அவர்களுக்கு மேல் அண்ணத்தில் கேன்சர் வருவதை நம் நாட்டு டாக்டர்கள் நிறைய பதிவு செய்திருக்கிறார்கள். சூடும் புகையும் எங்கே படுகிறதோ, அங்கேதான் நோய் வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

சர்ச்சிலும் ஃப்ராய்டும்

இந்த இடத்தில் தாத்தா ஒரு துருப்புச்சீட்டை எடுப்பார். ''சர்ச்சில் வாயில எப்பவும் சுருட்டுதான். 90 வயசு வரைக்கும் இருந்தாரே!''

உண்மைதான். 1965-ல் அவர் இறந்தபோது வயது 90. ஆனால், ரோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தவர் ஒருவர் இருந்தால், அதை வைத்து நம் பிள்ளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவோமா?

இன்னொரு பெரிய மனிதரின் கதையைக் கேளுங்கள். மனோதத்துவ மேதை சிக்மண்ட் ஃப்ராய்டு. அவரும் ஒரு டாக்டர்தான். நாளைக்கு இருபது சுருட்டு வரை பிடித்தவர்.  1923-ல் அவர் மேல் அண்ணத்தில் ஒரு வளர்த்தி தெரிந்தது. கேன்சர்! அதற்கப்புறம் 16 வருஷத்தில் முப்பதுக்கும் மேல் ஆபரேஷன்கள். தாடையின் ஒரு பகுதியையும் அண்ணத்தையும் எடுத்துவிட்டார்கள். வாய்க்கும் மூக்குக்கும் நடுவே தடுப்பாக ஒரு செயற்கைத் தட்டு பொருத்தவேண்டி வந்தது. பேசுவது கஷ்டம், சாப்பிடுவது கஷ்டம். அப்படியும் அவரால் சுருட்டை விட முடியவில்லை. 1939-ல் இறந்துபோனார். மனசின் மூலை முடுக்கெல்லாம் அலசியவரையே கட்டிப்போட்டது நிகோடின். அப்படியிருக்க, 'நினைச்சா விட்டுடுவேன்' என்று யார் சொன்னாலும் கொஞ்சம் யோசிக்கத்தானே வேண்டும்?

வாயைத் திறந்து பாருங்கள்!

சுருட்டு, பீடி, சிகரெட், வெற்றிலைப் புகையிலை என்று எந்தப் பழக்கம் உள்ளவர் வீட்டில் இருந்தாலும், மாதம் ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ஒரு கண்ணாடி, ஒரு டார்ச் லைட் போதும். ஐந்து நிமிஷ வேலை.

* பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு, வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள்.

* உதட்டை மேலும் கீழும் மடித்துப் பாருங்கள். கன்னத்தின் உட்புறத்தை விரலால் இழுத்துப் பாருங்கள். சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படலம் இருக்கிறதா? வெல்வெட் போல சிவந்த திட்டு இருக்கிறதா? சிவப்புத் திட்டை இன்னும் அவசரமாகக் காட்டவேண்டும்.

* நாக்கை நீட்டி, அதன் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். நாக்கைத் தூக்கி அடிப்பக்கத்தையும் பாருங்கள். புண், தடிப்பு தெரிகிறதா?

* தலையைப் பின்னால் சாய்த்து அண்ணத்தைப் பாருங்கள். சுருட்டுப் பிடிப்பவர்களுக்கு அண்ணம் வெளுத்து, நடுநடுவே சிவப்புப் புள்ளிகள் தெரிவதுண்டு. பழக்கத்தை விட்டால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனாலும் டாக்டர் பார்த்துத்தான் அதைச் சொல்லவேண்டும்.

* தாடைக்குக் கீழேயும் கழுத்திலும் தடவிப் பாருங்கள். வலிக்காத கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா?

இரண்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரணமில்லாத ரத்தக்கசிவு, வாய் முழுதாகத் திறக்க முடியாமல் போவது, குரல் கம்மல், விழுங்கும்போது உறுத்தல்... இதில் ஒன்று இருந்தாலும் ஒத்திப்போடாதீர்கள். 'பல்செட் உரசுது', 'சூடு ஜாஸ்தி' என்று சொல்லி மணத்தக்காளிக் கீரையிலேயே மாதங்களைக் கடத்திவிடுபவர்கள் உண்டு. கீரை நல்லதுதான், ஆனால் ஆறாத புண்ணுக்கு அது வைத்தியம் ஆகாது. ஆரம்பத்தில் வலியே இருக்காது என்பதுதான் இந்த நோயின் சூழ்ச்சி.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் முதலில் காட்டலாம். பக்கத்துப் பல் டாக்டரிடம் காட்டினாலும் சரி. தேவைப்பட்டால் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். சந்தேகமான இடத்திலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பதுதான் நிச்சயமான வழி. 'சதை எடுத்தால் பரவிவிடும்' என்று பயப்படவேண்டாம். அது வெறும் கட்டுக்கதை. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் வாய்க் கேன்சரைக் குணப்படுத்த நல்ல வாய்ப்பு இருக்கிறது.

எப்படிச் சொல்வது?

'இந்த வயசுக்கு மேல விட்டு என்ன ஆகப்போகுது?' என்பது அடுத்த கேள்வி. ஆகும்! புகையை விட்டவர்களுக்கு வாய், தொண்டைக் கேன்சர் ஆபத்து 5 முதல் 10 வருஷத்தில் பாதியாகக் குறைகிறது. அதற்கு முன்பே ஈறு தேறும். நாக்கில் ருசி திரும்பும். வருஷக்கணக்காகப் புகையில் ஊறிய நாக்குக்கு ரசத்தின் மணமும் பால்கோவாவின் பால் ருசியும் மங்கிப்போயிருக்கும். 'ருசி பார்க்கிறேன்' என்று ஆரம்பித்த பழக்கம் ருசியையே பறித்துக்கொண்ட கதை!

சண்டை போட்டால் பெரியவர்கள் மாடிக்குப் போய்ப் பிடிப்பார்கள், அவ்வளவுதான். 'மாமா, பேத்திக்கு மூச்சு இரைக்குது. நீங்களும் எங்களுக்கு ரொம்ப நாள் வேணும்' என்று பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். விட்ட முதல் வாரத்தில் எரிச்சல், தூக்கமின்மை வரலாம். இரண்டு, மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த நாட்களில் அவர் கோபப்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபப்படுவது அவர் இல்லை, நிகோடின்! சுருட்டு நினைப்பு வரும் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்தில் ஏலக்காய், சோம்பு கொடுங்கள். கொஞ்ச தூரம் நடக்கக் கூட்டிக்கொண்டு போங்கள். ரொம்பக் கஷ்டப்பட்டால் நிகோடின் சூயிங் கம் போன்றவற்றை டாக்டர் யோசனையோடு தரலாம். 1800-112-356 என்ற மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும்.

சாமிக்கு வைக்கிற சுருட்டு? அது உங்கள் குடும்ப வழக்கம், படையலில் வையுங்கள். படையலோடு அது முடியட்டும். எடுத்துப் பற்றவைக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

மறக்காமல் இன்னொன்று. சுருட்டும் அதன் துண்டும் குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. ஒரு துண்டை மென்று விழுங்கினாலே நிகோடின் விஷமாகி வாந்தி, வலிப்பு வரை போகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய விஷயம். வீட்டில் ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்கள் அதற்கும் எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த துபாய் பெட்டியை என்ன செய்வது? மரப்பெட்டி அருமையான பெட்டி. சுருட்டைக் கொட்டிவிட்டு, வெயிலில் நன்றாகக் காயவைத்தால் பாட்டிக்கு நூல்கண்டும் ஊசியும் போட்டுவைக்க ஆகும். அடுத்த லீவுக்கு வரும்போது தாத்தாவுக்கு பேரீச்சம்பழம் வாங்கிவரச் சொல்லி இப்போதே எழுதிப் போட்டுவிடுங்கள். சர்க்கரை வியாதி இருந்தால் அதுவும் வேண்டாம்... ஒரு நல்ல டார்ச் லைட் போதும்!